கோழிக்கோட்டில் இறங்கு

எந்தப் பட்டனைத் தட்டினால் எந்த ரேட் வரும் என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் கவுண்டரை விட்டு எழுந்து வந்த பிறகு உங்கள் திரையே மாறிவிட்டது என்று கேள்விப்பட்டேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் அக்கா என்று ஆபீஸிலிருந்து கேட்டபோது முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். பிறகு யோசித்தேன். ரேட் பார்க்கிறதை மெஷின் சொல்லித் தரும். டிக்கெட் கேட்டு எதிரே உட்கார்ந்திருப்பவர் வாயில் ஒன்றும் மனதில் வேறொன்றும் வைத்திருப்பதை எந்த மெஷினும் சொல்லித் தராது. அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அடிபட்ட அனுபவம் உண்டு. அதனால் எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி மஸ்கட் வந்தவள். ரூவியில் டாக்ஸிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் பின் தெருவில், மாடியில் இருந்த டிராவல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அதே கவுண்டரில் உட்கார்ந்தேன். இப்போது ஊரில் இருக்கிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் வந்தால் மனசு ரூவிக்கு ஓடிவிடுகிறது. சைட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் கூட்டம், கீழே ஹம்சாவின் டீக்கடையிலிருந்து படியேறி வரும் ஏலக்காய் வாசம், ஏ.சி. சத்தத்துக்கு மேல் ஒரே நேரத்தில் பேசும் தமிழும் மலையாளமும் ஹிந்தியும். ஒருத்தரும் வரிசையில் நிற்கமாட்டார்கள். திட்டிக்கொண்டேதான் டிக்கெட் போடுவேன். அந்தக் கூட்டத்தைத் திட்டுவதற்கு இப்போது ஆள் இல்லாமல் தவிக்கிறேன் என்பதுதான் உண்மை.

எங்கள் பயணிகளை நாங்கள் ரயில் நிலையத்தின் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் வைத்திருந்தோம். வள்ளியூர் அண்ணன், பரமக்குடி பாய், விருத்தாசலம் தம்பி. விமான டிக்கெட் எடுக்க வந்தவர்களை எதற்கு ரயில் நிலையத்தின் பெயரில் கூப்பிட்டோம் என்று கேட்பீர்கள். அங்கேதான் நம் தொழிலின் சூட்சுமம் இருந்தது. பள்ளிக்கூட லீவு நாட்களிலும் கிறிஸ்துமஸுக்கும் திருவனந்தபுரம், திருச்சி, கொச்சி ரேட்டெல்லாம் யானை விலை குதிரை விலை விற்கும். அதே நாளில் பம்பாய்க்குப் போகிற விமானம் பாதி காலியாகக் கிடக்கும். அதனால் பம்பாய்வரை விமானத்தில் ஒரு டிக்கெட், அங்கிருந்து ஊருக்கு ரயிலில் இன்னொரு டிக்கெட் என்று பயணத்தை இரண்டாக வெட்டிக் கொடுப்போம். கவுண்டரில் அதற்குத் துண்டு டிக்கெட் என்று பெயர். சம்பளத்தில் பாதியை மிச்சம் பிடித்த சந்தோஷத்தோடு ஆட்கள் படியிறங்கிப் போவார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

எங்கள் மேனேஜர் கீழக்கரைக்காரர். எல்லாரும் அவரை அவர் ஊர் வழக்கப்படி காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். துண்டு டிக்கெட் கேட்டு யார் வந்தாலும் அவர் தன் அறைக்குள்ளிருந்தே ஒரு கேள்வி கேட்பார், நடுவுல யாரு இருக்கா என்று. பம்பாயில் உனக்கு ஆள் இருக்கிறதா என்று அர்த்தம். மச்சினன், ஊர்க்காரன், தாராவியில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா, யாராவது ஒரு பெயரைச் சொன்னால்தான் டிக்கெட்டை வெட்ட விடுவார். ஒரே டிக்கெட்டாக இருந்தால் விமானம் தாமதமானாலும் கம்பெனிக்காரன் சோறு போட்டு அடுத்ததில் ஏற்றி அனுப்புவான். வெட்டிய டிக்கெட்டில் முதல் துண்டுக்காரனுக்கும் இரண்டாம் துண்டுக்காரனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டவன் பாடு. இதைத்தான் அவர் அந்த ஒரு கேள்வியில் கேட்டார். நாங்கள் சின்ன வயதில் அதைக் கேலி செய்து சிரித்திருக்கிறோம்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்ன அரியலூர்க் கார்ப்பென்டர் ஒருவரும் பம்பாயில் மாட்டிக்கொண்டார். அவருக்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லை. அதனால் இரண்டாவது துண்டையும் உள்நாட்டு விமானத்தில் போட்டோம். மஸ்கட்டிலிருந்து கொண்டுபோகலாம் என்ற எடையில் பாதிதான் உள்நாட்டு விமானத்தில் ஏற்றுவான் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ரூமில் இருந்தவர்கள் ஊருக்குக் கொடுத்துவிட்ட சாமான்களையும் சேர்த்துப் பெட்டியில் கட்டினார். வேண்டாம் என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது. பம்பாயில் எடைக்குக் காசு கேட்டபோது, பெட்டியைப் பிரித்து சட்டைமேல் சட்டையாக மாட்டிக்கொண்டு, பையில் சோப்புகளைத் திணித்துக்கொண்டு, யாரோ ஒருவரின் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி விமானம் ஏறியிருக்கிறார். திரும்பி வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆபீஸே சிரித்தது. அப்படிச் சிரித்து முடிந்துபோகிற சங்கடங்கள்தான் பெரும்பாலும். எல்லாமே அப்படி இல்லை என்பதற்காகத்தான் சேவியரின் கதையைச் சொல்கிறேன்.

சேவியர் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். அவனை மாதிரி ஒரு கருமியை நான் பார்த்ததில்லை. நான் ஒரு ரேட் சொன்னால் போனை எடுத்து நாலு இடத்தில் பார்ப்பான். பிறகு தெருவில் இருக்கிற மற்ற ஆபீஸ்களுக்கெல்லாம் போய்விட்டு, கடைசியில் என்னிடமே வந்து நிற்பான். எத்தனை தடவை விரட்டினாலும் கோபம் வராது. அவன் மனைவி பிரிசில்லா அங்கேயே ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். கெட்டிக்காரி. டாக்டர் தப்பாக ஒன்றைச் சொன்னால் முகத்துக்கு நேரே கேட்கிறவள் என்று பெயரெடுத்தவள். பிரசவத்துக்காக ஊருக்குப் போனாள். பெண் குழந்தை. பிரசவ லீவும், அதற்கு மேல் சம்பளமில்லாத லீவும் எடுத்து, ஆறு மாதம் முடியப்போகிற நேரத்தில் திரும்பி வரவேண்டியிருந்தது.

அந்த ஆறு மாதக் கணக்கு உங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டி வெளியே இருந்தால் விசா செத்துவிடும். வேலை கொடுத்தவர் மனசு வைத்தால் ஏதாவது வழி பிறக்கும். ஆனால் பிரிசில்லாவின் கிளினிக்கில் ஆள் குறைக்கிற யோசனையில் இருந்தார்கள். தேதிக்குள் வந்தால் வேலை, வராவிட்டால் கலாஸ் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் சம்பளமும் இருந்தால்தான் தனி வீடு எடுத்துக் குழந்தையை மஸ்கட்டுக்குக் கூட்டிவர முடியும். அதுவரைக்கும் குழந்தை பிரிசில்லாவின் அம்மாவிடம் இருக்கட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். அவள் வேலை போனால் அவள் ஊரில், அவன் மஸ்கட் ரூமில், குழந்தை அப்பாவை போனில் பார்த்து வளரும். நம் ஆட்களில் எத்தனை வீட்டில் அப்படி நடந்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அது ஆகஸ்ட் கடைசி. கேரளாவிலிருந்து குடும்பங்கள் எல்லாம் வளைகுடாவுக்குத் திரும்புகிற சமயம். திருவனந்தபுரம் ரேட்டைச் சொன்னதும் சேவியருக்கு முகம் வெளிறிவிட்டது. “எக்கா, பம்பாய் வழியா வெட்டிப் போடுங்க. ரயிலு எத்தன மணிக்கூர் ஓடினாலும் சாரமில்ல” என்றான். மழைக்காலம், கொங்கண் மலை ரயில்பாதை, ரெண்டு நாள் இடைவெளி விட்டுப் போடுவோம் என்று சொன்னேன். சரி என்றான். காக்கா உள்ளேயிருந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். தாராவியில் சேவியரின் பெரியப்பா மகன் இருந்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

மறுநாள் பிரிசில்லா ஊரிலிருந்து கூப்பிட்டாள். ரயிலை ஒரு நாள் பிந்திப் போடமுடியுமா என்று கேட்டாள். குழந்தைக்கு ஊசி போடணும் என்றாள். போட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டு இன்னும் ஒரு நாள் என்றாள். இந்த முறை காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் பணத்தில் கருமி, அவள் நாளில் கருமி. இரண்டு பேரும் சேர்ந்து நான் விட்டிருந்த இடைவெளியைத் தின்று தீர்த்துவிட்டார்கள். கடைசியில் ரயில் பம்பாய் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் விமானம், விமானம் வந்து இறங்குகிற அன்றே விசாவின் கடைசி நாள் என்று வந்து நின்றது.

அவள் ரயில் ஏறிய நாளன்று, மஸ்கட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தேன். கொங்கண் பாதையில் மலைச்சரிவு, வண்டிகளை அங்கங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. டிபன் பாக்ஸை மூடினேன். அவளுடைய வண்டி எங்கே இருக்கிறது என்று பார்த்தால், கொச்சியைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் கோழிக்கோடு, ராத்திரி மங்களூர், அதற்கப்புறம் மலை.

நான் கூப்பிடுவதற்கு முன்பே சேவியர் வந்துவிட்டான். சைட்டிலிருந்து நேராக, எண்ணெய்க் கறை படிந்த கவரால் உடுப்போடு படியேறி வந்தான். போனில் எதையோ காட்டி, கொஞ்ச நேரத்தில் பாதையைச் சரிசெய்துவிடுவார்கள் என்று போட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பாதை சரியாகுமா ஆகாதா என்பது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, செய்தி போட்டவனுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசி அந்த நேரத்தைக் கடத்தத்தான் எல்லாருக்கும் தோன்றும். நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் அவனுக்குச் சொன்னேன். வண்டி நின்றால் பம்பாய் விமானம் போய்விடும். அது வேறு டிக்கெட், நமக்காகக் காத்திருக்காது. அடுத்த விமானத்தில் வந்தால் விசா இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் விமான நிலையம் உள்ள ஊர்களில் கொச்சியிலிருந்தும் மங்களூரிலிருந்தும் இன்றைக்கும் நாளைக்கும் சீட் மாஃபி, ஒன்றுகூட இல்லை. கோழிக்கோட்டிலிருந்து நாளைக் காலையில் இரண்டோ மூன்றோ சீட் இருக்கிறது. ரேட்டைக் கேட்டால் அழுவாய்.

கேட்டான். அழவில்லை, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ரயில் டிக்கெட்டும் போகும், பம்பாய் டிக்கெட்டும் போகும், அதற்கு மேல் இதுவுமா என்றான். வண்டியிலேயே இருக்கட்டும் என்று அவன் சொன்னதை நான் குறை சொல்லமாட்டேன். கையில் இருக்கிற டிக்கெட்டை விடுவது மாதிரிக் கஷ்டம் வேறில்லை. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்ற எண்ணம் காலைப் பிடித்துக்கொள்ளும். நான் அந்தக் கோழிக்கோட்டுச் சீட்டில் ஒன்றைச் சில மணி நேரத்துக்குப் பிடித்து வைத்துவிட்டு, பிரிசில்லாவைக் கூப்பிட்டேன்.

பதறுவாள் என்று நினைத்தேன். அவள் குரல் அமைதியாக இருந்தது. ரயில் பெட்டியில் எல்லாருக்கும் செய்தி தெரிந்துவிட்டதாம். “மலை சரிஞ்சு கெடக்குன்னா நான் என்னத்த செய்ய எக்கா. தெய்வ சித்தம் போல நடக்கட்டு” என்றாள்.

டாக்டரையே கேள்வி கேட்கிறவள், விசா போகப்போகிறது என்று சொல்கிற நேரத்தில் தெய்வ சித்தம் என்கிறாள். நான் போனைக் கையால் மூடிக்கொண்டு, கீழே போய் மூன்று டீ சொல்லிவிட்டு வா என்று சேவியரை அனுப்பினேன். டீ குடிக்கிற நேரமா இது என்று என்னை முறைத்துவிட்டுப் போனான்.

“பிள்ளே, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு. வண்டி நிக்கணும்னு நெனைக்கியா?” என்று கேட்டேன்.

ரயிலின் சத்தமும், பக்கத்தில் யாரோ மலையாளத்தில் பழம்பொரி விற்கிற குரலும் கேட்டன. பிறகு சொன்னாள். “பால் கட்டி நெஞ்செல்லாம் வேதனையா இருக்கு எக்கா. துப்பட்டாவப் போட்டு மறைச்சிட்டு இருக்கேன். எனக்கு வரவும் மனசில்ல, திரும்பிப் போகவும் தைரியமில்ல. மலை அடைச்சிட்டுன்னா என்னை ஆரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ.”

அந்தப் பெண்ணின்மேல் எனக்கு இரக்கம் வந்தது. அந்த நேரத்தில் இரண்டு சுலபமான வழிகள் எனக்கு இருந்தன. விசாவைச் சொல்லி மிரட்டி அவளை விமானத்தில் ஏற்றலாம். அல்லது, சரி, நடக்கிறபடி நடக்கட்டும் என்று போனை வைத்துவிடலாம், என்மேலும் ஒரு பழியும் வராது. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் டிக்கெட் விற்கிறவள், அவள் வாழ்க்கையை நான் முடிவு செய்யக்கூடாது. அதைவிட, ஒரு மலையை முடிவு செய்ய விடக்கூடாது.

“ஆரும் சொல்லமாட்டாவ, சரிதான். நாளைக்கு உன்னை நீயே சொல்லாம இருப்பியா?” என்று கேட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சொன்னேன். “நான் சொல்லதக் கேளு. எங்க போறதா இருந்தாலும் கோழிக்கோட்டுல இறங்கு. மஸ்கட்டுக்கு ஒரு சீட்டு பிடிச்சு வச்சிருக்கேன். தெக்கே போற வண்டியிலயும் ஒரு இடம் பாத்து வைக்கேன். எதுல ஏறணும்னு நீ சொல்லு. எதுவானாலும் சேவியர்ட்ட நான் பேசிக்கிடுதேன். முடிவ மலை மேல மட்டும் போடாத.”

அவள் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை. இறங்குவாளா என்று தெரியாமலே நான் வேலையைத் தொடர்ந்தேன்.

இறங்கினால் அந்த ஊரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். பம்பாயில் ஆள் வைத்திருந்தோம். நடு என்பது இப்போது கோழிக்கோட்டுக்கு மாறிவிட்டது. தெரியாத ஊர், தனியாக ஒரு பச்சை உடம்புக்காரி, ராத்திரி தங்கவேண்டும். அந்தச் சமயத்தில் ஹம்சா டீயை எடுத்துக்கொண்டு சேவியரோடு தானே மேலே வந்தார். சேவியர் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் என்ன விஷயம் என்று கேட்க, அவன் கீழேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். “சேச்சி, என்றெ வீடு கொண்டோட்டியிலாணு. கோழிக்கோடு ஏர்போர்ட்டுக்கு அடுத்து” என்றார் ஹம்சா. எத்தனை வருஷமாக அவர் போட்ட டீயைக் குடித்திருக்கிறேன், அவர் ஊர் விமான நிலையத்தின் பக்கம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் நின்ற இடத்திலிருந்தே வீட்டுக்குப் போன் போட்டு, மனைவியையும் மைத்துனனையும் காரில் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார். பிரிசில்லா போட்டிருக்கும் உடுப்பின் நிறத்தை சேவியரிடம் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை.

தன் டீயை வைக்க இடம் தேடிய சேவியர், என் திரையைப் பார்த்துவிட்டான். கோழிக்கோட்டிலிருந்து மஸ்கட் ஒரு பக்கம், கோழிக்கோட்டிலிருந்து நாகர்கோவில் ரயில் இன்னொரு பக்கம்.

“இது ஆருக்கு?” என்றான்.

மறைக்கவில்லை. சொன்னேன். நான் அதுவரை பார்க்காத ஒரு சேவியரை அன்றைக்குப் பார்த்தேன். யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள் என்று சத்தம் போட்டான். காக்கா அறையிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றார். நான் அவனைத் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அவனுக்குச் சத்தம் போட உரிமை உண்டு. குரல் அடங்கியதும் நாற்காலியில் சாய்ந்து, “நான் பிள்ளைய இன்னும் பாக்கல எக்கா. வீடியோவுல பாத்ததுதான்” என்றான்.

அப்போதுதான் எனக்கு அவனுடைய கருமித்தனமும் புரிந்தது. அவன் பிரசவத்துக்குக்கூட லீவு எடுத்துப் போகவில்லை. மிச்சம் பிடித்ததையெல்லாம் மஸ்கட்டிலேயே வாடிக் கபீரில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணமாகச் சேர்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டை வெளியிலிருந்து எடுத்த போட்டோவை எனக்குக் காட்டினான். ஒரு ஜன்னலும் ஒரு ஏ.சி.யும் தெரிந்தன. அந்த ஏ.சி. பழசு, குடிபோனதும் மாற்றவேண்டும் என்றான்.

நான் அவனிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். அவள் பேசினால் வா என்றும் சொல்லாதே, வராதே என்றும் சொல்லாதே.

ஹம்சாவின் போன் அடித்தபோது பின்மதிய அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பிரிசில்லா இறங்கிவிட்டாள். ஹம்சாவின் மனைவி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே பிளாட்பாரத்தில் கண்டுபிடித்திருக்கிறாள். ஹம்சா போனை என்னிடம் நீட்டினார். நான் அதை சேவியரிடம் கொடுத்தேன்.

அவன் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டான். பிறகு, “பிரிசி, சாப்பிட்டியா?” என்று கேட்டான்.

அவ்வளவுதான் அவன் கேட்டது. அதற்குப் பிறகு அவள்தான் பேசினாள். அவன் ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான், கறை முகத்தில் ஒட்டிக்கொண்டது. நான் திரையில் சீட்டின் நேரம் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் அவனை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் போனை என்னிடம் கொடுத்தான்.

“மஸ்கட்டுக்கே போடுங்க எக்கா” என்றாள் பிரிசில்லா. “பிள்ளைய அங்க கொண்டுவரணும்னா நான் அங்க இருக்கணும்.”

டிக்கெட்டைப் போட்டேன். சேவியர் ரேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கார்டை நீட்டினான். அதன் பிறகு நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த வேலையில் அழுகை வரும், பிள்ளைகளே. டிக்கெட்டைப் போட்டு முடித்த பிறகு அழுதால் தப்பில்லை.

அன்றிரவு கொண்டோட்டி வீட்டில் ஹம்சாவின் மனைவி வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து, பாலைப் பிழிந்தெடுக்க உதவி செய்து, பத்திரி சாப்பிட வைத்துத் தூங்கவைத்திருக்கிறாள். மறுநாள் காலை அவளே விமான நிலையம்வரை போய் விட்டுவிட்டு வந்தாள். நன்றி சொல்ல சேவியர் ஹம்சாவின் கடைக்குப் போனபோது, ஹம்சா ஒரு டீயைக் கொடுத்து யல்லா, வேலைக்குப் போ என்று விரட்டிவிட்டாராம்.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் பாதையை அன்று ராத்திரியே சரிசெய்துவிட்டார்கள். பிரிசில்லா இறங்கிவந்த வண்டி தாமதமாகத்தான் போனது, ஆனாலும் விமானத்துக்கு வேண்டிய நேரம் இருக்கும்போதே பம்பாய் போய்ச் சேர்ந்தது. எனக்குத் தெரியும், ஏனென்றால் வீம்புக்கு அந்த வண்டியைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆபீஸில் அது பேச்சாகிவிட்டது. அக்கா பயந்துபோய் ஒரு ஏழைக் குடும்பத்தின் காசைக் கரைத்துவிட்டாள் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். காக்கா மட்டும் குறை சொல்லவில்லை. ஆனால் பாராட்டவும் இல்லை.

வண்டி போய்ச் சேர்ந்ததை வைத்து நான் செய்தது தப்பென்று சொல்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நாம் முடிவெடுக்கும்போது கையில் இருப்பது அந்த நேரத்துச் செய்தி மட்டும்தான். மறுநாள் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு முந்தின நாளை அளந்தால் எந்த ஆளும் தேறமாட்டான். இதெல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உறக்கம் வராதபோது இந்த நியாயம் அவ்வளவு உதவி செய்வதில்லை. அந்தப் பணம் வாடிக் கபீர் வீட்டின் முன்பணம் என்று எனக்குத் தெரியுமே.

அந்த வாரத்திலேயே சேவியர் கவுண்டருக்கு வந்தான். வண்டி போய்ச் சேர்ந்த கதை அவனுக்குத் தெரியாமலா இருக்கும், எல்லாவற்றையும் போனில் பார்க்கிறவனாயிற்றே. அவன் கேட்கட்டும், கேட்டால் வாங்கிக்கொள்வோம் என்று கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தேன்.

“வண்டி போயிட்டு எக்கா” என்றான்.

தெரியும் என்றேன்.

வீட்டுக்காரரிடம் முன்பணத்துக்குத் தவணை கேட்டிருப்பதாகச் சொன்னான். பிறகு கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி பேசினான்.

“ஏர்போர்ட்டுல இருந்து வரும்போ அவ எல்லாஞ் சொன்னா. வண்டி நிக்கணும்னு செபம் பண்ணினாளாம். அவ அந்த வண்டியிலயே வந்திருந்தா, மலை வழி விட்டதுனால வந்தவளா இருந்திருப்பா எக்கா. காலம் பூரா மலையையும் என்னையும் ஏசிக்கிட்டுக் கெடப்பா. இப்பம் ஏசுததுக்கு ஆளில்ல. இன்னிக்குக் காலையில பிள்ளைக்க படத்தப் பாத்து அழுதா. அழுதுட்டு, மொகத்தக் கழுவிட்டு, டூட்டிக்குப் போயிட்டா.”